மலைப்பாதையில் முனகும் இருக்கை: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு நீலகிரியிலிருந்து வந்த கடிதங்களில் நான்கு, பிக்கப் வண்டிகளின் இருக்கையிலிருந்து வரும் சத்தத்தைப் பற்றியே கேட்கின்றன. படிக்கும்போது ஒரே குறையாகத் தோன்றினாலும் நான்கிலும் காரணம் வேறு வேறாக இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பதில் எழுதுகிறோம்.

கேள்வி (மஞ்சூர் வாசகர்): ஐயா, குந்தா பகுதியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றிச் செல்லும் ஒற்றைக் கேபின் பிக்கப் வைத்திருக்கிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போதும், கிளட்சை மிதிக்கும்போதும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து 'கிறீச்' என்று சத்தம் வருகிறது. பட்டறையில் இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்பிரே அடித்தார்கள். ஒரு வாரம் சத்தமில்லை. பிறகு முன்பைவிட அதிகமாகிவிட்டது. இன்னொரு பட்டறையில் இருக்கையையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இருக்கையை மாற்றும் முடிவை இப்போது எடுக்க வேண்டாம். சத்தம் எங்கே பிறக்கிறது என்பதை இதுவரை யாரும் தேடிப் பார்க்கவில்லை என்பது தங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. அதைத் தேடுவதுதான் முதல் வேலை. தேடிக் கண்டபின் சரிசெய்வது பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஓட்டுநர் இருக்கை வெளிப்பார்வைக்கு ஒரே பொருளாகத் தெரிந்தாலும், தரையில் போல்ட்டுகளால் பிடிக்கப்பட்ட இரண்டு ரெயில்கள், அவற்றின்மேல் முன்னும் பின்னும் நகரும் இரும்புச் சட்டம், அந்தச் சட்டத்தில் கொக்கியிட்டு மாட்டப்பட்ட வளைகம்பி ஸ்பிரிங்குகள், அவற்றின்மேல் ஸ்பாஞ்ச், அதன்மேல் ரெக்சின் உறை, முதுகுச் சாய்மானத்தைப் பிடித்து நிறுத்தும் பற்களுள்ள பூட்டு என்று பல உறுப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் கூட்டு அது. தொடும் இரண்டு பரப்புகளுக்கிடையே பசையோ மெத்தென்ற தடுப்போ இல்லாமல் போகும்போது, அவை சற்றே ஒட்டிப் பிடித்து, பிறகு சட்டென்று வழுக்கி, மறுபடியும் ஒட்டிக்கொள்கின்றன. இது ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை நிகழும்போது நம் காதில் 'கிறீச்' என்று கேட்கிறது. வயலினின் நரம்பை வில் ஒலிக்கச் செய்வதும் இதே முறையில்தான். 'கடகட', 'டக்' என்று கேட்கும் சத்தத்தின் பிறப்பு வேறு. அங்கே இரண்டு பொருள்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, ஒன்று மற்றொன்றின்மேல் மோதுகிறது. முன்னதற்குப் பசை அல்லது தடுப்பு வேண்டும். பின்னதற்கு இறுக்கம் வேண்டும். பட்டறைக்குப் போவதற்கு முன்பே தங்கள் வண்டியின் சத்தம் இவற்றில் எது என்று தெளிவாகச் சொல்ல முடிந்தால், மெக்கானிக்கின் வேலை பாதியாகக் குறையும்.

ஸ்பிரே ஒரு வாரம் மட்டுமே பலித்ததற்கும் காரணம் உண்டு. துருப்பிடித்த நட்டைக் கழற்ற உதவும் அந்த மெல்லிய திரவம் இடுக்கில் புகுந்து உடனே சத்தத்தை அடக்கிவிடும். ஆனால் ரெயிலில் ஏற்கெனவே இருந்த கெட்டியான கிரீஸையும் அது கரைத்து வெளியேற்றுகிறது. சில நாள்களில் அது உலர்ந்ததும், கிரீஸும் இல்லாமல், திரவமும் இல்லாமல், ஈரத்தில் ஒட்டிய மண்தூள் மட்டும் மிஞ்சுகிறது. கேரட் கழுவும் இடங்களில் ஏறி இறங்கும் ஓட்டுநரின் காலணியோடு வரும் சேறு காய்ந்து தூளாகி அந்த ரெயிலில்தான் போய்ச் சேரும் என்பதால், தங்களுக்குச் சத்தம் முன்பைவிட அதிகமானதில் வியப்பில்லை.

மலைப்பாதையில் மட்டும் இது ஏன் பெரிதாகக் கேட்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பாரத்தோடு திரும்பும்போது முன் சக்கரங்கள் ஒரு பக்கமும் பின் சக்கரங்கள் வேறு பக்கமுமாகச் சாய்ந்து நிற்க, வண்டியின் அடிச்சட்டமான ஏணி வடிவச் சேசிஸ் சற்றே முறுக்கிக்கொள்கிறது. சேசிஸின்மேல் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கும் கேபினும், அதன் தரைத் தகடும், தகட்டில் பூட்டிய இருக்கையின் கால்களும் அந்த முறுக்கலில் பங்கு கொள்கின்றன. கூடவே ஓட்டுநரின் உடல் எடையும் வளைவின் வெளிப்பக்கத்து ரெயிலை நோக்கி மாறுகிறது. மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அந்தப் பாதையில் ஒரு முறை போய் வந்தால் இந்த எடை மாற்றம் எத்தனை முறை நிகழும் என்பதை எண்ணிப் பாருங்கள். சமவெளியில் ஓடும் வண்டிக்குப் பல மாதங்களில் வரும் தேய்மானம் இங்கே விரைவாகவே வந்துவிடும்.

எனவே, சத்தம் எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் கவனிப்பதே சரியான தொடக்கம். கிளட்சை மிதிக்கும்போது இடது கால் முன்னே தள்ள, அதற்கு ஈடாக முதுகு சாய்மானத்தைப் பின்னே அழுத்துகிறது. அப்போது வரும் சத்தம் பெரும்பாலும் சாய்மானத்தின் கீல், அதன் பூட்டு, அல்லது முதுகுப் பகுதி ஸ்பிரிங்கிலிருந்து வரும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது 'டக்' என்று ஒரே ஒரு முறை கேட்டால், ரெயிலின் பூட்டுப் பல்லில் ஆட்டம் இருக்கிறது என்று கொள்ளலாம். வளைவில் மட்டும் கேட்டால், தரையோடு பூட்டும் போல்ட்டுகளையும் ரெயிலையும் முதலில் பார்க்க வேண்டும். குழிகளில் ஏறி இறங்கும்போது மட்டும் என்றால் உட்காரும் பகுதியின் ஸ்பிரிங்குகள். தங்களுக்கு வளைவிலும் கிளட்ச்சிலும் வருவதால், ஒரே இருக்கையில் இரண்டு இடங்களில் குறை இருக்கலாம் என்ற எண்ணத்தோடு தேடுங்கள். ஒன்றைச் சரிசெய்த பிறகும் சத்தம் மிஞ்சியிருந்தால் செய்த வேலை வீண் என்று நினைத்துவிடக் கூடாது.

தேடும் வேலையை ஓடும் வண்டியில் தொடங்க வேண்டாம். பாரம் இறக்கிய வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். நம் மலையில் சமதளம் கிடைப்பது கடினம்தான். பெட்ரோல் பங்க்கின் ஓரமோ மண்டியின் முற்றமோ போதும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, என்ஜினை அணைத்துவிடுங்கள். ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து, வளைவில் உடல் சாய்வது போல இடமும் வலமுமாக எடையை மாற்றட்டும். பிறகு கிளட்சை அழுத்திச் சாய்மானத்தைப் பின்னே தள்ளட்டும். மற்றவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சட்டத்தின் மூட்டுகளிலும் ரெயிலின் நான்கு முனைகளிலும் விரல் நுனியை வைத்துப் பார்க்க வேண்டும். கேபின் தகரம் சத்தத்தை எல்லாப் பக்கமும் பரப்பிவிடுவதால் காது எளிதில் ஏமாறும். அதிர்வை உணரும் விரல் அவ்வளவு எளிதில் ஏமாறாது. விரல் எட்டாத இடத்தில், ஒரு முழ நீள ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைச் சந்தேகப்படும் இடத்துக்கு அருகிலும் வைத்துக் கேட்கலாம். நிற்கும் வண்டியில் சத்தமே வரவில்லையென்றால், அப்போதுதான் சாலைக்குப் போக வேண்டும். அப்போதும் ஓட்டுபவர் ஓட்டுவதை மட்டும் செய்ய, கூட இருப்பவரே கேட்கவும் குறிக்கவும் வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் குனிந்து இருக்கைக்கு அடியில் கவனிப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

இடம் பிடிபடாமல் போனால், உறுப்புகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள். தலைச்சாய்வைக் கழற்றி வைத்துவிட்டு ஆட்டுங்கள். சீட் பெல்ட் மாட்டும் பக்கிள் தண்டு இருக்கையின் ஓரத்துப் பிளாஸ்டிக்கில் உரசாதபடி அதன்மேல் ஒரு துணியைச் சுற்றி ஆட்டுங்கள். இருக்கையை ஒரு பல் முன்னே தள்ளிப் பூட்டி ஆட்டுங்கள். அத்தோடு சத்தம் மாறினால் குறை ரெயிலில் இருக்கிறது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். மூன்றைச் சேர்த்துச் செய்தால் எது சத்தத்தை நிறுத்தியது என்று தெரியாமலே போகும். டார்ச் அடித்துப் பார்க்கும்போது இரண்டு அடையாளங்களைத் தேடுங்கள்: சுற்றிலும் மங்கலாக இருக்க ஓரிடம் மட்டும் தேய்ந்து மின்னுவது ஒன்று, போல்ட்டின் தலையைச் சுற்றியோ மூட்டின் ஓரத்திலோ செம்பழுப்புப் பொடி படிந்திருப்பது மற்றொன்று. அசையக்கூடாத இரும்பு அங்கே அசைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இவையே சாட்சி.

ரெயில்தான் காரணம் என்று தெரிந்தால், இருக்கையைக் கடைசிவரை பின்னே தள்ளி முன்பகுதியையும், கடைசிவரை முன்னே தள்ளிப் பின்பகுதியையும் சுத்தம் செய்யுங்கள். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மண்ணைக் கிளறி எடுத்துவிட்டு, மண்ணெண்ணெயில் சற்றே நனைத்துப் பிழிந்த துணியால் பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, நன்றாக உலரவிட வேண்டும். பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவி, இருக்கையைப் பல முறை முன்னும் பின்னும் நகர்த்திப் பரவவிட்டு, வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். அதிகம் தடவினால் அதிகப் பலன் கிடையாது; அதிகத் தூசிதான் ஒட்டும். என்ஜின் ஆயிலை ஊற்றுவது பல இடங்களில் வழக்கம். அது வழிந்து தரைக்கு வந்து, காலணியில் ஒட்டி, பிரேக் பெடலுக்குப் போகும் என்பதால் அதை முழுவதுமாகத் தவிர்க்கச் சொல்கிறேன்.

போல்ட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். பல வண்டிகளில் சீட் பெல்ட்டின் பக்கிள் இருக்கையின் சட்டத்திலேயே பூட்டப்பட்டிருக்கிறது. அதாவது விபத்து நேரத்தில் ஓட்டுநரைப் பிடித்து நிறுத்தும் விசையில் பெரும் பங்கு இந்தச் சில போல்ட்டுகளின் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. ஆகவே இங்கே வரும் சத்தத்தை வெறும் தொல்லையாக எண்ணிப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்து மறைத்துவிடக் கூடாது. முதலில் இரண்டு ரெயில்களும் ஒரே பல்லில் பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று ஒரு பல் முன்னும் மற்றொன்று பின்னுமாக இருந்தால் சட்டம் கோணலாக இழுபட்டு, எவ்வளவு கிரீஸ் தடவினாலும் முனகிக்கொண்டேதான் இருக்கும். இருக்கையைக் கழற்றி மாட்டியபின் புதிதாகச் சத்தம் தொடங்கினால் இதுவே முதல் சந்தேகம். பிறகு போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுத் தளர்த்தி, இருக்கை தானாக அமரும்படி விட்டு, குறுக்கு மூலைகளாக மாறி மாறி இறுக்கி, கடைசியில் இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடிக்க வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது ஒவ்வொரு வண்டிக்கும் வேறுபடும். தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். ஸ்பேனரில் குழாயை நுழைத்துப் பலமாக இறுக்கினால் மரை போய்விடும். இறுக்கி முடித்ததும் போல்ட் தலையிலிருந்து சட்டம்வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். சில வாரங்கள் கழித்து அந்தக் கோடு உடைந்து விலகியிருந்தால் போல்ட் மறுபடி தளர்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

இருக்கையின் அடியில் மஞ்சள் நிறச் செருகியோடு வயர் போவதைக் கண்டால் அங்கே கையை வைக்க வேண்டாம். அது ஏர்பேக் அல்லது பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கருவிக்கானது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருந்த பிறகே அதைத் தொட வேண்டும் என்பதால், அந்த வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. வெல்டிங் மூட்டில் மயிரிழை போன்ற விரிசலோ, தரைத் தகடு துருப்பிடித்துப் போல்ட்டைச் சுற்றி மெலிந்திருப்பதோ தெரிந்தால் கிரீஸ், டேப் எதுவும் அங்கே உதவாது. ரெயிலின்மேல் தெருவோரத்தில் வெல்டிங் வைப்பதும் வேண்டாம்; சூட்டில் அந்த எஃகின் வலிமை குறைந்துவிடும். சட்டத்தையோ ரெயிலையோ மாற்றியாக வேண்டிய நிலை இந்த ஒன்றுதான். அப்போதும்கூட ஸ்பாஞ்சும் உறையும் நன்றாக இருந்தால் அவற்றை மாற்றத் தேவையில்லை.

முதுகுப் பகுதிக்கு வருவோம். கிளட்ச் மிதிக்கும்போது வரும் சத்தத்துக்குச் சாய்மானத்தின் இரு பக்கக் கீல்களிலும் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கீலின் அச்சில் ஒரு துளி கிரீஸ் வைத்து, சாய்மானத்தைப் பல முறை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பூட்டின் பற்களில் அழுக்கு இருந்தால் பிரஷ்ஷால் துடைத்தால் போதும். அதிலும் நிற்கவில்லையென்றால் வளைகம்பி ஸ்பிரிங்குகளின் கொக்கிகள் மிஞ்சுகின்றன. கொக்கியும் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அது தேய்ந்து உடைந்ததும் இரும்பும் இரும்பும் உரசத் தொடங்குகின்றன. அருகிலுள்ள குஷன் கடைக்குப் போய், உறையைப் பிரித்து, கொக்கிகளுக்கு நைலான் குழாய்த் துண்டு மாட்டச் சொல்லுங்கள். ஸ்பிரிங்குக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே கெட்டியான துணி ஒன்றை விரித்துத் தைத்துவிட்டால், ஸ்பாஞ்ச் அறுபடுவதும் சேர்ந்து நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் சத்தம் நிற்காவிட்டால், அது இருக்கையில் இல்லை என்று முடிவு செய்யலாம். கேபினைத் தாங்கும் ரப்பர்கள் இறுகிப்போனாலும், கதவு ரப்பர் காய்ந்தாலும், பின்புற ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையே உள்ள தடுப்புகள் தேய்ந்தாலும், அந்தச் சத்தம் தரைத் தகடு வழியே ஏறி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பிறப்பது போலவே கேட்கும். பாரம் ஏற்றியதும் சத்தத்தின் தன்மை மாறினால், பட்டைகளையும் கேபின் தாங்கிகளையும் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கேள்வி (தேவாலா வாசகி): மழைக்காலத்தில் மட்டும் எங்கள் பிக்கப்பின் பக்கவாட்டு இருக்கை ஈரச் செருப்பு தேய்வது போல ஓயாமல் சத்தம் போடுகிறது. கோடையில் துளியும் இல்லை. போல்ட்டுகளை எல்லாம் இறுக்கியாயிற்று. வேறு என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, தங்கள் ஊரின் தென்மேற்குப் பருவமழை எத்தகையது என்பதை நாடறியும். ஈரமான ரெக்சின் மற்றொரு ரெக்சினிலோ பிளாஸ்டிக்கிலோ உரசும்போது இப்படித்தான் சத்தம் வரும். இரண்டு இருக்கைகளும் ஒன்றையொன்று தொடும் ஓரம், இருக்கையும் நடுப்பெட்டியும் தொடும் ஓரம் ஆகிய இரண்டையும் பாருங்கள். அந்த ஓரங்களைத் துடைத்து உலர்த்தி, பிளாஸ்டிக் பக்கத்தில் மெல்லிய ஃபெல்ட் டேப்பை ஒட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் எடுத்து ஓரத்தில் மட்டும் தடவலாம். உட்காரும் இடத்தில் தடவினால் வளைவில் உடல் வழுக்கும், பெடலிலும் ஸ்டீயரிங்கிலும் பட்டால் ஆபத்து.

இதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்கிறேன்: தரையிலுள்ள ரப்பர் மேட்டைக் கடைசியாக எப்போது தூக்கிப் பார்த்தீர்கள்? நனைந்த மழைக்கோட்டிலிருந்தும் காலணியிலிருந்தும் வடியும் நீர் மேட்டுக்கு அடியில் தேங்கி, ஜூன் முதல் செப்டம்பர் வரை காயாமலே கிடந்து, இருக்கையின் போல்ட் கால்களைத் துருப்பிடிக்க வைக்கும். மழைக்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை மேட்டைத் தூக்கிச் சாய்த்து வைத்து, கதவுகளைத் திறந்து காற்றாட விடுங்கள்.

கேள்வி (கோத்தகிரி வாசகர்): பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாதபோதுதான் கடகடவென்று சத்தம் வருகிறது, ஆள் உட்கார்ந்ததும் நின்றுவிடுகிறது. காரணம் என்ன?

பதில்: ஆளின் எடை எதையோ அழுத்திப் பிடித்துக்கொள்கிறது, எடை இல்லாதபோது அது ஆடுகிறது. முதலில் இருக்கைக்கு அடியிலும் பின்னாலும் வைத்திருக்கும் ஜாக்கி, வீல் ஸ்பேனர், பாட்டில்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால், அவற்றைச் சாக்கில் சுற்றி, வாரால் இறுகக் கட்டி வைப்பதே தீர்வு. கட்டாமல் விட்ட பாட்டில் ஒன்று உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் எந்த ஓட்டுநருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொருள்களை எடுத்த பிறகும் சத்தம் வந்தால், தலைச்சாய்வின் கம்பிகள், தொங்கும் பெல்ட் பக்கிள், மடக்கக்கூடிய சாய்மானத்தின் கொக்கி என்ற வரிசையில் பாருங்கள். தலைச்சாய்வின் கம்பி நுழையும் பிளாஸ்டிக் குழல் தளர்ந்திருந்தால் குழலைத்தான் மாற்ற வேண்டும். கம்பியின்மேல் டேப் சுற்றினால், உயரத்தைப் பூட்டும் வெட்டு மூடிக்கொண்டு தலைச்சாய்வு நிற்காமல் போகும்.

கேள்வி (ஊட்டி வாசகர்): டிசம்பர், ஜனவரி மாதங்களில் அதிகாலையில் வண்டியை எடுத்ததும் இருக்கை 'நறநற'வென்கிறது, வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. நான் ரெயிலுக்குத் தேங்காய் எண்ணெய்தான் விடுகிறேன். பெல்ட் சுருளும் இடத்திலும் சற்றுச் சத்தம் உண்டு. அங்கும் எண்ணெய் விடலாமா?

பதில்: தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். உறைபனி கொட்டும் ஊட்டிக் காலையில் அது ரெயிலுக்குள் மெழுகு போலக் கட்டியாகி நிற்கிறது. வெயில் ஏறியதும் இளகுகிறது. தங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு அதுவே பெரும்பாலான விடை. நாளடைவில் அது சிக்கும் பிடித்து மண்ணை ஒட்டவைக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் முழுவதும் துடைத்தெடுத்துவிட்டு, மஞ்சூர் வாசகருக்கு எழுதியபடி லித்தியம் கிரீஸ் தடவுங்கள். அது குளிரிலும் கெட்டிப்படாமல் வேலை செய்யும். அதன் பிறகும் காலையில் மட்டும் மெல்லிய சத்தம் மிஞ்சினால், குளிரில் சுருங்கி விறைத்த பிளாஸ்டிக் மூடிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன என்று கொள்ளலாம். அந்த ஓரங்களில் துணி டேப் ஒட்டினால் போதும்.

பெல்ட் சுருளும் கருவியில் எண்ணெய், கிரீஸ், ஸ்பிரே எதையும் விடக்கூடாது. திடீரென இழுக்கும்போது பெல்ட்டைப் பூட்டி நிறுத்தும் நுண்ணிய பகுதி அதற்குள் இருக்கிறது. எண்ணெயில் ஒட்டும் அழுக்கு அதன் இயக்கத்தைத் தடுக்கக்கூடும். பெல்ட் நாடாவை முழுவதும் வெளியே இழுத்து, மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின்பே சுருளவிடுங்கள். நாடாவின் அழுக்கு போனாலே உரசும் சத்தம் பெரும்பாலும் குறையும். குறையாமல் கருவிக்குள்ளிருந்தே சத்தம் வந்தாலோ, நாடாவைச் சட்டென்று இழுக்கும்போது அது பூட்டிக்கொள்ளாவிட்டாலோ, அந்தக் கருவியை மாற்றிய பிறகே வண்டியைச் சாலையில் எடுங்கள்.